மின்சார வாரியம் இழுத்த இணையக் கம்பி

2010 செப்டம்பரில் அமெரிக்காவில் ஓர் அறிவிப்பு வந்தது. விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணையத் தொடர்பு, எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும், எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் தரப்படும் என்பதுதான் அது. அறிவித்தது கூகுள் இல்லை. பெரிய தொலைபேசி நிறுவனங்களும் இல்லை. ஊர் நியூயார்க்கும் இல்லை, சான்பிரான்சிஸ்கோவும் இல்லை. டென்னசி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி இருக்கும் சட்டனூகா. 2010 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம். அறிவித்தது அந்த ஊரின் மின்சார வாரியம்!

கரண்ட் பில் அனுப்புகிறவர்கள் இன்டர்நெட் விற்கிறார்களா என்று அப்போது பலரும் சிரித்தார்கள். அன்று அமெரிக்காவின் சராசரி இணைய வேகம் 5 மெகாபிட் அளவில்தான் இருந்தது. அந்த வேகத்தில் ஒரு டிவிடி அளவுள்ள கோப்பை இறக்க 2 மணி நேரம் ஆகும். சட்டனூகா சொன்ன வேகத்தில் 40 விநாடிகூட ஆகாது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க அரசு வெளியிட்ட தேசிய பிராட்பேண்ட் திட்டம், 2020-க்குள் 10 கோடி வீடுகளுக்கு 100 மெகாபிட் கொடுப்பதை இலக்காக வைத்திருந்தது. பத்து வருடம் கழித்து நாடு எட்ட வேண்டிய வேகத்தைப் போல் பத்து மடங்கை ஒரு மின்சார வாரியம் அப்போதே விற்கத் தொடங்கிவிட்டது.

இந்தக் கதையை எல்லோரும் வேகத்தின் கதையாகவே சொல்கிறார்கள். ஆனால் வேகம் இதில் இரண்டாவது விஷயம்தான். வீதியில் ஓடும் கம்பி யாருடையது, அது எந்த வீடு வரை போகலாம் என்று முடிவு செய்வது யார் என்பதுதான் முதல் விஷயம்.

புகை ஊர்

சட்டனூகா ஒரு காலத்தில் ரயிலுக்கும் இரும்பு உருக்காலைகளுக்கும் பெயர் போன ஊர். சுற்றிலும் மலை, நடுவில் டென்னசி ஆறு. ஆலைப்புகை வெளியே போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே தங்கிவிடும். பகலிலேயே கார் விளக்கைப் போட்டுக்கொண்டு போன காலம் உண்டு என்பார்கள். 1969-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் புகழ்பெற்ற செய்தியாளர் வால்டர் கிராங்கைட், அமெரிக்காவிலேயே மிக அழுக்கான நகரம் சட்டனூகாதான் என்று செய்தியிலேயே சொன்னார். அதன் பிறகு ஊர் காற்றைச் சுத்தம் செய்தது. ஆனால் புகையோடு சேர்ந்து ஆலைகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. காற்று சுத்தமான ஊரில் வேலை குறைந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஊர்தான் பிறகு 'ஜிக் சிட்டி' என்று பெயர் எடுத்தது. அதைச் செய்த வாரியத்தின் பெயர் இ.பி.பி. அதாவது எலக்ட்ரிக் பவர் போர்டு. அதன் கதை இணையத்துக்கு வெகு முன்பே ஆரம்பிக்கிறது.

1930களில் நடந்தது

1930களின் மத்தியில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. நகரத்தில் விளக்கு எரியும். சில மைல் தள்ளிப் போனால் மண்ணெண்ணெய் விளக்குத்தான். தனியார் மின் நிறுவனங்கள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது.

1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் (டி.வி.ஏ.) அமைக்கப்பட்டது. ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுத்து, ஊர்களின் பொது வாரியங்களுக்கு மொத்தமாக விற்பது அதன் வேலைகளில் ஒன்று. 1935-இல் மாநிலச் சட்டம் ஒன்றின் மூலம் சட்டனூகாவுக்கென்று மின்சார வாரியம் உருவானது. தனியார் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. அரசாங்கம் எங்கள் தொழிலில் தலையிடலாமா என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1939-இல் தோற்றது. அதே வருடம் டென்னசி எலக்ட்ரிக் பவர் கம்பெனி தன் சொத்துகளை சுமார் 7 கோடியே 80 லட்சம் டாலருக்கு டி.வி.ஏ.விடமும் உள்ளூர் வாரியங்களிடமும் விற்றுவிட்டு வெளியேறியது. அந்த நிறுவனத்துக்குத் தாய் நிறுவனத்தின் தலைவராக இருந்து போராடிய வெண்டல் வில்கி, அடுத்த வருடமே ரூஸ்வெல்ட்டை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். அதிலும் தோற்றார்.

இந்தப் பழங்கதை இங்கே ஏன் என்றால், எழுபது வருடம் கழித்து இதே ஊரில் இதே நாடகம் மறுபடி நடந்தது. மின்சாரத்துக்குப் பதில் இணையம். மின் நிறுவனத்துக்குப் பதில் கேபிள் நிறுவனம். வசனம்கூட அதிகம் மாறவில்லை.

மின்சாரத்துக்கு ஏன் கண்ணாடி இழை?

இ.பி.பி. இணையம் விற்பதற்காக மட்டும் கண்ணாடி இழையைப் போடவில்லை. மின்தடை அதற்குத் தீராத தலைவலியாக இருந்தது. அந்தப் பகுதியில் மரங்கள் அதிகம், புயல் மழையும் அதிகம். ஒரு கிளை ஒடிந்து கம்பியில் விழுந்தால் ஒரு பேட்டையே இருண்டுவிடும். எங்கே பழுது என்று வாரியத்துக்கே தெரியாது. மக்கள் போன் செய்து சொல்ல வேண்டும், பிறகு லைன்மேன்கள் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகத் தேட வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருந்தது. கம்பி ஓடும் வழியெல்லாம் தானாக இயங்கும் சுவிட்சுகளை வைத்து, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி செய்துவிட்டால், பழுது விழுந்த துண்டை மட்டும் கழற்றிவிட்டு மற்ற வீடுகளுக்கு வேறு பக்கத்திலிருந்து மின்சாரத்தைத் திருப்பிவிடலாம். அவை பேசிக்கொள்ள வேகமான, இடையில் அறுந்து போகாத ஒரு தொடர்பு வேண்டும். அதற்குத்தான் கண்ணாடி இழை. கம்பம் வாரியத்துடையது, கம்பத்தில் ஏறும் ஆட்கள் வாரியத்தவர்கள், மாதாமாதம் பில் போகும் வீடுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. சுவிட்சுக்காக இழுக்கும் இழையில் மின்சாரத்துக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம். மீதி சும்மாதான் கிடக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுபோனால் என்ன?

இதுதான் இ.பி.பி.யின் எண்ணம். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் பெரிய இணைய நிறுவனங்களால் போட முடியாத கணக்கு இது. அவர்களுக்கு ஒரு வீதியில் இழை போட்டால் வரும்படி இணையச் சந்தா மட்டும்தான். அது போதாத வீதியை விட்டுவிடுவார்கள். மின்சார வாரியத்துக்கோ எல்லா வீதியிலும் சுவிட்ச் வேண்டும், எல்லா வீட்டிலும் மீட்டர் வேண்டும். பணக்கார வீதி, ஏழை வீதி என்று பிரிப்பதில் அதற்கு எந்த லாபமும் இல்லை.

வழக்கும் பணமும்

உள்ளூர் மின் வாரியங்கள் தங்கள் எல்லைக்குள் கேபிள் டிவியும் இணையமும் விற்கலாம் என்று டென்னசி சட்டமன்றம் 1999-இலேயே அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் இ.பி.பி. வீடு வீடாகப் போகப்போகிறது என்று தெரிந்ததும் வழக்குகள் வந்தன. மாநிலக் கேபிள் நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றம் போனது. 2008-இல் நாட்டின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்டும் போனது. மின் கட்டணம் கட்டும் மக்களின் பணத்தை எடுத்து இணையத்தில் போடுகிறார்கள், இது நியாயமான போட்டி இல்லை என்பது புகார். வழக்குகள் தள்ளுபடியாயின. மின்சார வருமானத்தைக் கொண்டு இணையத்துக்கு மானியம் தரக்கூடாது என்று சட்டத்திலேயே இருந்தது. இணையப் பிரிவு வாங்கும் கடனை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். மற்ற நிறுவனங்கள் கட்டும் வரிக்குச் சமமான தொகையையும் கட்ட வேண்டும்.

வாரியம் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டியது. பத்து ஆண்டுகளில் மெதுவாகப் போட்டு முடிப்பது என்பதுதான் முதல் திட்டம். அந்த நேரத்தில் 2008-இன் பொருளாதாரச் சரிவு வந்தது. அதைச் சமாளிக்க 2009-இல் அமெரிக்க அரசு ஒதுக்கிய ஊக்க நிதியிலிருந்து, மின் வலையை நவீனமாக்குவதற்காக இ.பி.பி.க்கு 11 கோடி டாலருக்குச் சற்று அதிகமாகக் கிடைத்தது. பத்து வருட வேலை மூன்று வருடம் என்ற அளவுக்குச் சுருங்கியது. 2009 செப்டம்பரில் முதல் வீடுகளுக்கு இணைப்பு போனது. ஒரு வருடம் கழித்து, சுமார் 600 சதுர மைல் பரப்பில் வாரியம் மின்சாரம் கொடுக்கும் எல்லா இடத்துக்கும் 1 ஜிகாபிட் என்று அறிவிப்பு வந்தது. நகரம் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கிராமப்புறமும் அதில் அடக்கம்.

இதே சமயத்தில் கூகுள் செய்ததை ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். 2010 பிப்ரவரியில், ஏதோ ஓர் ஊருக்கு ஜிகாபிட் இணையம் தரப்போகிறோம், வேண்டிய ஊர்கள் விண்ணப்பிக்கலாம் என்று கூகுள் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் வரிசையில் நின்றன. கான்சாஸ் மாநிலத் தலைநகர் டொபீகா ஒரு மாதத்துக்குத் தன் பெயரையே 'கூகுள்' என்று மாற்றிக்கொண்டது! ஆயிரம் ஊர்கள் ஒரு நிறுவனத்தின் வாசலில் கை கட்டி நின்ற நேரத்தில், ஓர் ஊர் தன் கம்பத்தில் தானே ஏறி இழையைக் கட்டிக்கொண்டிருந்தது. கூகுள் கடைசியில் கான்சாஸ் சிட்டியைத் தேர்ந்தெடுத்து 2012-இன் இறுதியில்தான் சேவையைத் தொடங்கியது.

யாருக்கு வேண்டும் ஜிகாபிட்?

2010-இல் 1 ஜிகாபிட்டின் விலை மாதம் சுமார் 350 டாலர். வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாருக்கு வேண்டும் இத்தனை வேகம் என்ற கேள்வி அப்போது நியாயமாகத்தான் தெரிந்தது. பிறகு விலை 70 டாலர் அளவுக்கு இறங்கியது. 2015-இல் 10 ஜிகாபிட் வந்தது. 2022-இல் 25 ஜிகாபிட் வந்தது. அதற்கு அப்போது வீட்டுக்கு மாதம் 1500 டாலர். அதை வாங்கப்போகிறவர்களும் அப்போது அபூர்வம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. 2009, 2010-இல் கம்பத்தில் கட்டிய அதே கண்ணாடி இழைதான் 2022-லும் ஓடுகிறது. இழையைத் தோண்டி எடுத்து மாற்ற வேண்டியதில்லை. இரண்டு முனைகளிலும் இருக்கும் பெட்டிகளை மாற்றினால் போதும், வேகம் கூடிவிடும். செப்புக் கம்பிக்கு இந்தக் குணம் கிடையாது. தொலைபேசிக்காகப் போட்ட செப்புக் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் குறையும். இன்னொன்றும் உண்டு. சட்டனூகாவில் இறக்கும் வேகமும் ஏற்றும் வேகமும் ஒன்றே. கேபிள் இணையத்தில் ஏற்றும் வேகம் வெகுகாலமாகக் குறைவு. வீட்டில் இருப்பவர் வெறும் பார்வையாளர், அவரிடமிருந்து வெளியே போக ஒன்றும் இருக்காது என்று நினைத்து வடிவமைத்தது அது. ஸ்கேன் படங்களை அனுப்பும் மருத்துவருக்கும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும், வீடியோ எடுத்துப் போடும் மாணவனுக்கும் ஏற்றும் வேகம்தான் முக்கியம்.

ஆகவே கண்ணாடி இழை என்பது சாலை மாதிரி. சாலை போடும் செலவு ஒரு தடவை. அதில் மாட்டு வண்டி போகிறதா, லாரி போகிறதா என்பது அந்தந்தக் காலத்துத் தேவை.

வளர்ச்சி

சந்தாதாரர்கள் எண்ணிக்கை வாரியம் எதிர்பார்த்ததை விட வேகமாக ஏறியது. 2018-இல் 1 லட்சத்தைத் தாண்டியது. மின்சாரம் வாங்குவோரே சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம்தான் என்றால் இது எவ்வளவு பெரிய பங்கு என்பது புரியும். இணையப் பிரிவு, இழையைப் பயன்படுத்துவதற்காக மின் பிரிவுக்குப் பணம் கட்டுகிறது. அந்த வருமானம் இல்லாவிட்டால் மின் கட்டணம் சுமார் 7 சதவீதம் அதிகமாக இருக்கும் என்பது வாரியத்தின் கணக்கு. மக்களின் மின் கட்டணத்தை இணையம் தின்றுவிடும் என்று வழக்கில் சொன்னார்கள். நடந்தது தலைகீழ்.

மின்சாரப் பக்கமும் பலன் தெரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தானியங்கி சுவிட்சுகள் வைக்கப்பட்டன. 2012 ஜூலையில் பெரிய சூறைக்காற்று அடித்தபோது, பழைய முறையில் இருண்டிருக்கக்கூடிய வீடுகளில் சுமார் பாதி தப்பித்தன. மின்சாரம் போகாத வீட்டுக்காரருக்கு அது போயிருக்க வேண்டியது என்பதே தெரியாது. நல்ல நிர்வாகத்தின் கஷ்டமே இதுதான். நடக்காமல் போன தொல்லைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

ஊரின் பொருளாதாரத்துக்கு என்ன லாபம்? டென்னசி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா வளாகத்தைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் பென்டோ லோபோ 2020-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். முதல் பத்து ஆண்டுகளில் 269 கோடி டாலர் பயன், சுமார் 9500 வேலைகள் என்றது அது. இத்தகைய கணக்குகளை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. மின்தடை குறைந்ததால் மிச்சமான பணம் உட்படப் பலவற்றை மதிப்பிட்டுச் சேர்த்தது அந்தத் தொகை. ஊர் மேலேறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. வோக்ஸ்வேகன் கார் ஆலை 2011-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் அந்தத் தொகையைப் பாதியாக, ஏன் கால்வாசியாகக் குறைத்துக்கொண்டாலும் போட்ட முதலுக்கு நட்டமில்லை.

போட்டியாளர் என்ன செய்தார் என்பதும் ஒரு சான்று. ஊரை விட்டு காம்காஸ்ட் ஓடிவிடவில்லை. 2015-இல் 2 ஜிகாபிட் சேவையை அறிவித்தபோது சட்டனூகாவையும் அதில் சேர்த்துக்கொண்டது. பொது வாரியம் வந்தால் தனியார் செத்துவிடும் என்ற பயம் பொய்யானது. பக்கத்தில் ஒரு கடை வந்ததும் பழைய கடைக்காரரும் சரக்கை மாற்றினார், அவ்வளவுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம்

இவ்வளவு நல்ல கதையில் ஒரு கசப்பு இருக்கிறது. 1999-இல் கதவைத் திறந்துவிட்ட அதே சட்டம்தான் வேலியும் போட்டது. வாரியம் மின்சாரம் கொடுக்கும் எல்லைக்குள் மட்டும் இணையம் கொடுக்கலாம். அதற்கு ஓர் அடி வெளியே போகக்கூடாது. மாநிலத்தில் தொலைபேசி எங்கு வேண்டுமானாலும் விற்கலாம், ஆனால் இணையம் கூடாது!

எல்லையின் கடைசிக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீட்டில் உலகத்தரமான இணையம். அந்தப் பக்கம் இருக்கும் வீட்டில் மெதுவான செப்புக் கம்பி, அல்லது டேட்டா தீர்ந்தால் கூடுதல் பணம் பிடுங்கும் மொபைல், அல்லது சாட்டிலைட் தட்டு. வெளியே இருந்தவர்கள் வாரியத்திடம் வந்து எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். வாரியமும் தரத் தயார். வாங்க ஆள் இருக்கிறது, விற்க ஆள் இருக்கிறது, இடையில் சட்டம் நிற்கிறது. அந்த இடங்களில் நல்ல இணையத்தை வேறு யாராவது கொடுத்திருந்தால்கூட மனம் ஆறும். அவர்களும் வரவில்லை, வருகிறவரையும் விடவில்லை.

2014 ஜூலையில் இ.பி.பி., வட கரோலினா மாநிலத்து வில்சன் நகரத்தோடு சேர்ந்து, மத்திய தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் மனு கொடுத்தது. வில்சனும் இதே போல் சொந்தமாக இழை போட்டு, மாநிலச் சட்டத்தால் கட்டப்பட்ட ஊர். 2015 பிப்ரவரி 26 அன்று எஃப்.சி.சி. மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில், அந்தத் தடைகள் செல்லாது என்றது. டென்னசி மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 2016 ஆகஸ்டில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.சி.சி.யின் உத்தரவை ரத்து செய்தது. நீதிபதிகள் இணையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எஃப்.சி.சி. காட்டிய நன்மைகளைக் கேள்வி கேட்கவில்லை என்றும் சொன்னார்கள். ஒரு மாநிலம் தன் ஊராட்சிகளுக்கு எவ்வளவு அதிகாரம் தரலாம் என்பதில் தலையிட எஃப்.சி.சி.க்குச் சட்டம் தெளிவான உரிமை கொடுக்கவில்லை என்பதே தீர்ப்பு.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அப்படியானால் பொறுப்பு மாநிலச் சட்டமன்றத்தின் தலையில் வந்து விழுகிறது. 2017-இல் டென்னசி ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. கிராமப்புற மின் கூட்டுறவுச் சங்கங்கள் இணையம் விற்கலாம் என்றது. இணைய நிறுவனங்களுக்கு மானியமும் ஒதுக்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் இ.பி.பி. போன்ற நகர வாரியங்களின் வேலி அப்படியே இருந்தது. மானியமே கேட்காமல் வரத் தயாராக இருந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு, வராதவர்களைப் பணம் கொடுத்து அழைத்தார்கள்.

எதிர்ப்பக்க நியாயம்

பொது வாரியங்கள் இணையம் நடத்தக்கூடாது என்பவர்களிடமும் வலுவான வாதங்கள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, 11 கோடி டாலர் எல்லா ஊருக்கும் கிடைக்குமா? கிடைக்காது. அந்த நிதி சட்டனூகாவின் அதிர்ஷ்டம். ஆனால் பணம் வருவதற்கு முன்பே திட்டமும் கடன் பத்திரமும் தயாராக இருந்தன. பணம் வந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. பணம் வராவிட்டால் பத்து வருடம் ஆகியிருக்கும்.

இரண்டாவது, தோற்ற ஊர்கள் இருக்கின்றன. யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரம் கோடிக்கணக்கில் கடன் வாங்கி இழை போட்டு, நடத்த முடியாமல், 2013-இல் கூகுளுக்கு வெறும் 1 டாலருக்கு விற்றது. கடன் மட்டும் ஊர் மக்கள் தலையில் தங்கியது. டென்னசியிலேயே மெம்பிஸ் நகரின் மின் வாரியம் பங்கெடுத்த ஓர் இழை நிறுவனம் 2007-இல் நட்டத்துக்கு விற்கப்பட்டது. பொதுத்துறை என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் கணக்கு நேராகிவிடாது. சட்டனூகாவில் கம்பம், ஆட்கள், வாடிக்கையாளர், மின்சாரத்துக்கே இழை தேவைப்பட்ட நிலை, பல வருட நிர்வாக அனுபவம் எல்லாம் ஒன்றாக இருந்தன. 1996 முதல் இருபது வருடம் ஹரால்ட் டிபிரீஸ்ட் என்ற ஒருவரே தலைமை நிர்வாகியாக இருந்து நடத்தினார். தேர்தலுக்குத் தேர்தல் ஆள் மாறும் இடத்தில் இது நடந்திருக்குமா என்பது நல்ல கேள்வி.

தனியாரும் தோற்றிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் கூகுள் ஃபைபர் சாலையில் மிக ஆழம் குறைவாகக் கீறி இழையைப் பதித்தது. இழை வெளியே வரத் தொடங்கியது. 2019-இல் ஊரை விட்டே போய்விட்டது. கூகுளுக்கு அது ஒரு சோதனை, பிடிக்கவில்லை, மூட்டை கட்டியாயிற்று. உள்ளூர் மின்சார வாரியத்தால் மூட்டை கட்ட முடியாது. அதன் முதலாளிகள் அந்த ஊரிலேயே குடியிருக்கிறார்கள்.

மூன்றாவது, வென்றாலும் தோற்றாலும் அது அந்த ஊர் மக்களின் முடிவாக இருக்க வேண்டாமா? ப்ரோவோ தோற்றது என்பதற்காக எல்லா ஊருக்கும் கதவைச் சாத்துவது, ஒரு கடை நொடித்தது என்பதற்காக யாருமே கடை வைக்கக்கூடாது என்பதைப் போன்றது. தோல்விக்குப் பயந்து போட்ட சட்டமாக இருந்தால், ஏற்கெனவே வென்று காட்டியவரையும் ஏன் தடுக்க வேண்டும்? தோற்பவரைத் தடுப்பதற்கு வேறு வழிகள் உண்டு. கணக்குத் தணிக்கை, மக்கள் வாக்கெடுப்பு, கடன் உச்சவரம்பு.  இந்தச் சட்டமோ எல்லைக் கோட்டையும் போட்டுவிட்டது.

2020

இந்த வாதமெல்லாம் 2020-இல் வேறு முகம் எடுத்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் வீட்டுக்கு வந்தது. இணையம் இல்லாத வீட்டுக் குழந்தைக்குப் பள்ளியே இல்லை என்றானது. அமெரிக்காவின் பல ஊர்களில் பிள்ளைகள் உணவகங்களின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, அங்கே கிடைக்கும் வைஃபையில் வீட்டுப்பாடம் செய்தார்கள்.

சட்டனூகா இருக்கும் ஹாமில்டன் கவுன்டியில் 2020 ஜூலையில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள சுமார் 28 ஆயிரம் மாணவர்களின் வீடுகளுக்கு 100 மெகாபிட் இணையம் இலவசம். ஒரு மாதத்துக்கு இல்லை, பத்து ஆண்டுகளுக்கு! பள்ளி நிர்வாகம், வாரியம், நன்கொடையாளர்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். இதை அவ்வளவு விரைவாகச் செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம்தான். இழை அந்த ஏழை வீட்டு வாசலில் பத்து வருடமாகவே தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரத்துக்காக எல்லா வீதிக்கும் போனதால் அந்த வீதிக்கும் போயிருந்தது. லாபக் கணக்குப் பார்த்து வீதியைத் தேர்ந்தெடுத்திருந்தால், 2020-இல் முதலில் குழி தோண்ட ஆரம்பித்திருக்க வேண்டும்.

அதே 2020-இல் எல்லைக்கு வெளியே இருந்த குழந்தை என்ன செய்தது என்பதையும் யோசிக்க வேண்டும். பள்ளி மூடியதில் அதன் தவறு ஒன்றுமில்லை. வீடு இருந்த இடம்தான் தவறு.

முடிவாக

2021 நவம்பரில் அமெரிக்க அரசு இணையம் போய்ச் சேராத இடங்களுக்கென்று 4245 கோடி டாலரை ஒதுக்கியது. அவ்வளவு பணம் ஒதுக்கப்பட்ட நாட்டில், பக்கத்து வாரியம் தன் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு இழையை நீட்டலாமா என்ற கேள்விக்கு ஒரு மாநிலச் சட்டத்தில் இரண்டு வரியை மாற்றினால் போதும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. துணிவு மட்டும்தான் வேண்டும்.

ஒவ்வொரு ஊரும் சட்டனூகா ஆக வேண்டும் என்பதில்லை. தனியார் நிறுவனம் நன்றாகக் கொடுக்கும் ஊரில் மக்கள் வரிப்பணத்தைப் போட்டு இன்னொரு கம்பி இழுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் யாருமே வராத ஊருக்கு, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் உரிமையாவது இருக்க வேண்டும். 1930களில் கட்டுப்படியாகாது என்று சொன்ன இடங்களுக்கு மின்சாரம் போனது. கட்டுப்படியும் ஆனது. அந்த மின்சாரத்தைக் கொண்டுபோன வாரியங்களில் ஒன்றுதான் பிறகு இணையத்தையும் கொண்டுபோனது. பாட்டன் காலத்தில் அந்த வீட்டுக்கு விளக்குக் கொண்டுவந்த கம்பத்தில் பேரன் காலத்து இழையைக் கட்ட சட்டம் தடை சொன்னால், மாற வேண்டியது கம்பமும் இல்லை, இழையும் இல்லை. அந்தச் சட்டம்தான்.